கெந்திங் ஏற்றத்தில் ஒரு பார் பூஸ்ட்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பழைய பிஸ்டனை வைத்திருக்கிறேன். டர்போ இஞ்சின் மாற்றிய என் புரோட்டோன் வீரா காரின் மூன்றாம் சிலிண்டரிலிருந்து கழற்றியது அது. மேலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கையில் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினால், முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையில் இருக்கும் மெல்லிய அலுமினிய வரப்பு இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருப்பது தெரியும். உடைந்த ஓரம் பனங்கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பாக இருக்கிறது. உருகி வழிந்த தடயம் எங்கும் இல்லை. வெப்பத்தால் உருகிய பிஸ்டன் வேறு மாதிரி இருக்கும். இது சுத்தியலால் மறுபடி மறுபடி அடித்தது போல, நாக்கிங்கின் (சிலிண்டருக்குள் கலவை முறைதவறித் தானாக வெடிப்பதன்) அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் உடைந்தது.

அன்றைக்கு கோலாலம்பூருக்கு வெளியே கோம்பாக் டோலைத் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமைப் பிற்பகல், நல்ல வெயில், பக்கத்தில் என் தம்பி. நான்காம் கியரில் மிதியை அழுத்திப் பிடித்தபடி ஏற, பூஸ்ட் மானியின், அதாவது டர்போ இஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானியின், முள் 1.15 பாரில் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கெந்திங் செம்பாவை நெருங்கும்போது, எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற ஒரு மெல்லிய சத்தம் இஞ்சின் பக்கமிருந்து கேட்டது. தம்பிதான் முதலில் கவனித்தான். "அண்ணா, என்ன சத்தம் அது?" என்று அவன் கேட்டு நான் காலை எடுப்பதற்குள், பின்கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தது.

அந்த 1.15 பார், ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் வைத்துக்கொடுத்தது. பூஸ்ட் அளவை மீறாதபடி புகையில் ஒரு பங்கை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட்; அதைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டி, நடுவில் ஒரு சிறிய பித்தளை வால்வைச் செருகி, காற்றில் ஒரு பங்கு வெளியே கசியும்படி திருகிவிட்டார்கள். "பயப்படாதீங்க பாஸ், இந்த டர்போ ஒன்றரை பார்கூடத் தாங்கும்" என்றார்கள். டர்போ தாங்கத்தான் செய்தது; இன்றும் அதே டர்போதான் என் காரில் ஓடுகிறது. அதற்குப் பின்னால் இருந்த டேங்கிலிருந்து பெட்ரோலை இஞ்சினுக்கு அனுப்பும் பம்ப், பற்றவைப்புக் கோணம், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகிய எதையும் அன்று யாரும் தொடவில்லை, சோதிக்கவுமில்லை. கேட்க வேண்டியவன் நான், நானும் கேட்கவில்லை.

இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தவர் செகாம்புட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். உடைந்த பிஸ்டனை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, டர்போ எவ்வளவு தாங்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. பெட்ரோல் பம்ப் எவ்வளவு தாங்கும்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க." என்னிடம் இப்போது இளைஞர்கள் சிலர், தொழிற்சாலையிலிருந்து வந்த டர்போவில் எத்தனை பார் வரை ஏற்றலாம் என்று கேட்கும்போது, ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புரோட்டோன் வீரா 1993இல் சந்தைக்கு வந்தது. அதுவும் அக்காலத்து மிட்சுபிஷி லான்சரும் ஒரே அடித்தளத்தைக் கொண்டவை என்பதால், லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் 4ஜி93 டர்போ இஞ்சினை ஜப்பான் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் பழைய காரிலிருந்து) எடுத்து வீராவில் பொருத்துவது இங்கே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். டர்போ, மிட்சுபிஷியின் டிடி04 வகை. ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும்போது என் காரில் 0.75 பார் வருகிறது. (இஞ்சினை மாற்றுகிறவர்கள் புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனையை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் புதிய இஞ்சின் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். பூஸ்டைப் பற்றி யோசிக்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை அது.)

பூஸ்ட் மானி காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இன்டேக்கில் (இஞ்சினுக்குக் காற்று போகும் வழியில்) எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதை மட்டுமே. டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரசரின் உழைப்பை நிர்ணயிப்பதோ விகிதம்: உள்ளே வரும் காற்றை எத்தனை மடங்காக அமுக்கி வெளியே தள்ள வேண்டும் என்பது. கடல்மட்டத்தில் 1 பார் பூஸ்ட் என்றால் அந்த விகிதம் ஏறக்குறைய 2. காற்றை அமுக்கினால் அது சூடாகும். கம்ப்ரசரின் திறன் குறையக் குறைய, அதே அழுத்தத்துக்கு இன்னும் அதிகமாகச் சூடாகும். நம் ஊரின் 35 டிகிரி வெயிலை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.7 பாரில், கம்ப்ரசர் 70 விழுக்காட்டுத் திறனில் இயங்கினால், வெளியே வரும் காற்று சுமார் 107 டிகிரி. 1 பாருக்கு ஏற்றினால், அதே திறனில் 131 டிகிரி. 1.2 பாருக்கு ஏற்றி, டர்போவும் தன் எல்லையை நெருங்கித் திறன் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால், 165 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் கடைசியாக ஏற்றிய 0.2 பாரில் கிடைக்கும் கூடுதல் ஆக்சிஜன், மானியின் முள் காட்டுவதைவிட மிகக் குறைவு. கூடுதல் வெப்பமோ முழுமையாக வந்து சேர்கிறது.

இன்டர்கூலர் இந்த வெப்பத்தில் பெரும்பங்கை எடுத்துவிடும். ஆனால் அதற்கு முகத்தில் காற்று பட வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஜாலான் கூச்சிங்கில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, கொஞ்சம் வழி கிடைத்ததும் மிதியை அழுத்துகிறவரின் இன்டர்கூலர், பக்கத்தில் இருக்கும் ஏர்கான் கண்டென்சரின் சூட்டையும் தார்ச்சாலையின் சூட்டையும் வாங்கி ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த முதல் சில விநாடிகள்தான் மிக ஆபத்தானவை. குளிர்நாடுகளில் ஒருவர் 1.2 பாரில் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம். அவருடைய எண்ணைக் கோலாலம்பூருக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

கெந்திங் மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டர்போ கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பலரும் காரைச் சோதித்துப் பார்க்கப் போகும் இடம் அதுதான். மலையுச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.81 பார். ஆக்சுவேட்டரின் ஒரு பக்கத்தில் பூஸ்ட், மறுபக்கத்தில் வெளிக்காற்று என்பதால், மலையிலும் அது மானியில் அதே 1 பார் வரும்வரை வேஸ்ட்கேட்டைத் திறக்காது. இப்போது விகிதம் 1.81ஐ 0.81ஆல் வகுத்தால் வருவது: 2.2க்கும் மேல். கீழே 2 மடங்கு அமுக்கிய அதே கம்ப்ரசர், மேலே 2.2 மடங்கு அமுக்க வேண்டுமென்றால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். இந்த அளவுள்ள டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அங்கே வேகத்தில் பத்து விழுக்காடு கூடுவதே பெரிய விஷயம். இஞ்சினைப் பொறுத்தவரை உச்சியில் மொத்த அழுத்தம் சற்றுக் குறைவு, காற்றும் குளிர்ச்சி என்பதால் அதற்குச் சுமை கூடுவதில்லை. சுமை கூடுவது டர்போவுக்கு. ஆனால் கோம்பாக்கிலிருந்து தொடங்கும் நீண்ட ஏற்றத்தில், உயரம் அதிகம் ஏறாத கீழ்ப்பகுதியிலேயே, நிமிடக் கணக்கில் முழுச் சுமையில் இருப்பது இஞ்சின்தான். என் பிஸ்டன் உடைந்தது அங்கேதான்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். தொழிற்சாலை டர்போ, குறைந்த சுற்றிலேயே பூஸ்ட் கொடுத்து, அன்றாட ஓட்டத்துக்கு இலகுவாக இருக்கும்படி சிறியதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 3,000 முதல் 4,500 சுற்று வரை அது தன் நல்ல திறனில் இயங்கும். அங்கே பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றினால் மகிழ்ச்சியோடு தாங்கும். 6,000 சுற்றைத் தாண்டும்போது இஞ்சின் விழுங்கும் காற்றின் அளவு கூடிவிடுகிறது, கம்ப்ரசர் தன் திறன் வரைபடத்தின் வலது ஓரத்துக்கு, அதாவது தன்னால் தள்ள முடிந்த காற்றின் எல்லைக்குத் தள்ளப்படுகிறது, திறன் சரிகிறது. அதே நேரத்தில் புகையால் சுழலும் சிறிய டர்பைன் சக்கரம் வழியாக அவ்வளவு புகையும் வெளியேற முடியாமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எதிரழுத்தம் ஏறுகிறது. அது பூஸ்டைவிட மிகவும் கூடிவிட்டால், எரிந்த சூடான வாயு சிலிண்டரிலேயே தங்கி, அடுத்து வரும் கலவையையும் சூடாக்கும். நாக்கிங் பிறப்பது இத்தகைய சூழலில்தான். ஆகவே நான் வலியுறுத்துவது இது: நடுச்சுற்றில் ஏற்றுங்கள், மேற்சுற்றில் பூஸ்ட் தானாக இறங்குவதை அனுமதியுங்கள். சிவப்புக் கோடு வரை முள் அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பல இஞ்சின்களை அழித்திருக்கிறது. என் காரில் இப்போது 3,500 சுற்றில் 1 பார், 6,500இல் 0.8 பார். முன்பு இருந்த 1.15ஐவிடச் சாலையில் இது வேகமாக இருக்கிறது என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. சக்தியை அளக்கும் டைனோவில் போட்டபோது மேற்சுற்றில் அதிகப் பூஸ்டுக்கும் குறைந்த பூஸ்டுக்கும் இடையே சக்தியில் கவனிக்கத்தக்க வேறுபாடே தெரியவில்லை.

இப்படி வளைவாக அமைப்பதற்கு, பித்தளைக் கசிவு வால்வு போதாது. அது நாளுக்கு நாள், வெப்பத்துக்கு வெப்பம் மாறும். சிறு குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட கைமுறைக் கட்டுப்பாடு அதைவிட மேல். நிலையாக நிற்கும், ஆனால் சுற்றுக்கேற்ப மாறாது. சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வைத்த மின்னணுக் கட்டுப்பாட்டை, சுற்று வாரியாக அமைக்கத் தெரிந்த ஒருவர் அமைத்தால், அதுவே சிறந்தது. எதை வைத்தாலும், ஆக்சுவேட்டருக்குப் போகும் அந்தச் சிறிய குழாயில்தான் எல்லாம் தொங்குகிறது. அது கழன்றாலோ வெடித்தாலோ வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. பூஸ்ட் தடையின்றி ஏறும். நம் வெப்பத்தில், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில், சாதாரண ரப்பர் குழாய் ஓரிரு ஆண்டுகளில் இறுகி, முனையில் வெடிப்பு விடும். நான் சிலிகான் குழாய்க்கு மாறி, இரு முனையிலும் கம்பி கிளிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போனெட்டைத் திறந்து, அந்தக் குழாயை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

எக்ஸாஸ்டைப் பெரிதாக்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாயான டவுன்பைப் பெரிதானால் டர்பைன் இலகுவாகச் சுழலும். ஆனால் டர்போவுக்குள்ளேயே இருக்கும் சிறிய வேஸ்ட்கேட் துளை, முழுவதும் திறந்தும்கூட, தேவையான புகையை வெளியேற்ற முடியாமல் போகலாம். அப்போது கட்டுப்பாட்டை எவ்வளவு குறைத்து வைத்தாலும் மேற்சுற்றில் பூஸ்ட் மெல்ல ஏறிக்கொண்டே போகும். எனவே எக்ஸாஸ்டை மாற்றிய பிறகு, முதலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே ஓட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பெட்ரோல் பற்றி. அண்ணன் என் காரின் பின்னிருக்கையைத் தூக்கி, பம்பின் முனையில் மீட்டரை வைத்துக் காட்டினார்: பேட்டரியில் 13.6 வோல்ட் இருந்தபோது, பம்புக்கு வந்தது 11.2. பழைய மெல்லிய கம்பிகளிலும் கறுத்துப்போன இணைப்புகளிலும் மீதி தொலைந்துகொண்டிருந்தது. பம்பின் வேகம் அதற்கேற்பக் குறையும்; பூஸ்ட் ஏறும்போதுதான் அதற்கு அதிக அழுத்தமும் தேவை. அழுத்தச் சீராக்கி, பூஸ்ட் 1 பார் கூடினால் பெட்ரோல் அழுத்தத்தையும் 1 பார் கூட்ட வேண்டும். அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொண்டால், முழுப் பூஸ்டில் அது 4 ஆக வேண்டும். பம்பால் முடியாமல் 3இலேயே நின்றுவிட்டால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் அழுத்த வேறுபாடு 2 பாராகச் சுருங்கி, பெட்ரோல் ஏறக்குறைய 18 விழுக்காடு குறையும். காற்று கூடும் அதே கணத்தில் பெட்ரோல் குறைகிறது. என் பிஸ்டனைக் கொன்றது இதுதான் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, ரிலே, ஃபியூஸ் வைத்துப் பம்புக்கு மின்சாரம் கொடுக்க ஆன செலவு, இஞ்சினைப் பிரித்துக் கட்டிய செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று என் காரில் காற்று-பெட்ரோல் அளவைக் காட்டும் ஒரு வண்ண விளக்கு மானி இருந்தது. அது தொழிற்சாலை ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞையை எடுத்து ஒளிரும் வகை. அந்தச் சென்சார் 14.7க்கு ஒன்று என்ற அளவைச் சுற்றியே துல்லியமாகப் பேசும். முழுப் பூஸ்டில் நமக்குத் தேவையான 11.5 எங்கே, ஆபத்தான 13 எங்கே என்று அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டுக்கும் பச்சை விளக்கே எரியும். எல்லா அளவுகளையும் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரும் மானியும் இல்லாமல் தொழிற்சாலை அளவுக்கு மேல் பூஸ்டை ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பூஸ்ட் கட்டுப்பாட்டை வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

அதேபோல், பூஸ்ட் ஓர் அளவைத் தாண்டினால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, பெட்ரோலை நிறுத்திக் காரை உலுக்கும். அந்த உலுக்கலைத் தவிர்ப்பதற்கென்று சிறிய கருவிகள் விற்கிறார்கள். ஈசியுவை ஏமாற்றி, உண்மையில் வந்துகொண்டிருக்கும் காற்றை அதற்குத் தெரியாமல் மறைப்பதுதான் அவற்றின் வேலை. தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள். பெட்ரோலும் பற்றவைப்பும் புதிய பூஸ்டுக்கு ஏற்ப முறையாக ஈசியுவில் எழுதப்பட்ட பிறகு அந்த எல்லையை உயர்த்துவது வேறு. உயர்த்தும்போதும் ஓர் எல்லை இருக்கத்தான் வேண்டும். குழாய் கழன்ற அன்று காப்பாற்றப்போவது அதுதான்.

ரோன் 95 பெட்ரோல் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றிய பூஸ்டில் அதை ஊற்றுவது பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை: ரோன் 97க்குக் குறையாமல் ஊற்றுங்கள், எந்தப் பெட்ரோலில் டியூனிங் செய்தார்களோ அதையே எப்போதும் ஊற்றுங்கள். பிளக்குகளை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் பொறி அணையாது. மிதியை விட்டதும் மிஞ்சிய பூஸ்டை வெளியேற்றும் புளோ-ஆஃப் வால்வு, காற்றைத் திரும்பவும் இன்டேக்குக்கு அனுப்பும் வகையாக இருக்கட்டும். காற்றை அளந்து பெட்ரோல் ஊற்றும் இந்த இஞ்சினில், அளந்த காற்றை வெளியே விட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் கலவை கெட்டுப்போகும். எண்ணெய் நல்ல சிந்தெடிக், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஏற்றம் முடிந்து வண்டியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டால், டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகாது.

இரண்டாம் முறை பூஸ்டை ஏற்றியபோது நாங்கள் காட்டிய நிதானத்தை இப்போது நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. முதலில் இஞ்சின் கம்ப்ரஷனை அளந்தோம். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் இருந்தன. ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கலவையைச் சரிசெய்து, இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு ஒவ்வொரு முறையும் 0.1 பாருக்கு மேல் ஏற்றவில்லை. ஒவ்வொரு படியிலும், அண்ணன் ஹெட்போனில் நாக்கிங் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டைனோவில் ஓட்டினோம். பூஸ்டைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் பற்றவைப்புக் கோணத்தை ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தார். இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரம் 80 விழுக்காட்டைத் தாண்டத் தொடங்கியது 1 பாரில். "இதோட போதும் தம்பி" என்றார். மேலும் ஏற்ற வேண்டுமென்றால் இன்ஜெக்டர், பம்ப், இன்டர்கூலர் மூன்றும் பெரிதாக வேண்டும். அப்போதும் இந்த டர்போ கொடுக்கப்போவது அதிகமில்லை.

கெந்திங்குக்குப் போகும் நாட்களில் டேஷ்போர்டிலுள்ள ஒரு சுவிட்சைத் தட்டி, சோலினாய்டை அணைத்துவிடுகிறேன், 0.75 பாரிலேயே ஏறுகிறேன். போன மாதம் தம்பியோடு அப்படித்தான் போய்வந்தோம். திரும்பிய மறுநாள் செகாம்புட்டில் மூன்றாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அண்ணன் தன் பழைய பூதக்கண்ணாடியால் அதன் வெள்ளைப் பீங்கானைப் பார்த்தார். போன தடவை இஞ்சின் உடைந்தபோது, அந்த வெண்மையில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகளும், நடுநடுவே பளபளக்கும் அலுமினியத் துகள்களும் ஒட்டியிருந்தன. இந்த முறை இளம் பழுப்பு நிறம் மட்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளக்கின் மரையில் துளி செம்பு கிரீஸ் தடவி, பிளக்கைத் திரும்ப மாட்டினார்.